மூன்று கால் முயலும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும்

எங்கள் முயல் மிளகு முதலில் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தாள். மூக்கு துடித்தது. கொத்தமல்லித் தண்டு ஒன்றை முன்பல் நுனியால் கவ்வினாள். தின்னப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, தண்டைக் கிண்ணத்துக்கு வெளியே விசிறினாள். அப்புறம் இரண்டாவது தண்டு. மூன்றாவது. ஒவ்வொன்றையும் முகர்ந்து, கவ்வி, எறிந்து, கடைசித் தண்டும் வெளியே போன பிறகு காலிக் கிண்ணத்துக்குள் தலையை விட்டு, அடியில் பெல்லட் என்ற கடை உருண்டைத் தீனி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் பின்னங்காலால் தரையில் தொம்மென்று ஓர் உதை. முதுகை எனக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

முயல் வளர்ப்பவர்களுக்கு அந்த முதுகின் அர்த்தம் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உன்னோடு பேச்சு முடிந்தது என்று பொருள்.

மிளகு எங்களிடம் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. வெள்ளை உடம்பு, மூக்கின் மேல் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி, பெயர் அதனால் வந்தது. முன்பு இருந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்தது பெல்லட் மட்டும்தான். கிண்ணம் காலியானால் நிரப்புவார்கள், மறுபடி காலியாகும், மறுபடி நிரப்புவார்கள். பச்சையாக எதையும் அவள் கண்டதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முயல் என்றால் பச்சை இலையைப் பார்த்ததும் பாய்ந்து தின்னும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். படங்களில் கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் முயலைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. கேரட் கிழங்கு முயலுக்கு இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனி அளவுதான் தரலாம், உண்மையில் அதன் தழைதான் நல்ல தீனி என்பதெல்லாம் அப்போது தெரியாது.

முதல் வாரம் நான் செய்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கித் தழை, கேரட் தழை, லெட்யூஸ், பார்ஸ்லி, பாலக் என்று ஏழு வகையை ஒரே தட்டில் அழகாக அடுக்கி வைத்தேன். ஏதாவது ஒன்று பிடிக்காமலா போகும் என்ற கணக்கு. அவள் தட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒருவேளை ஏழும் பிடித்துப்போய் அத்தனையையும் தின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், அது வேறு கதை. பழகாத குடலுக்குள் ஒரே நாளில் ஏழு புது இலை போனால் அடுத்த நாள் கழிசல்தான். எந்த இலையால் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அவள் என்னைவிட விவரமாக இருந்தாள்.

இரண்டாவது வாரம்தான் விபரீதம் நடந்தது.

அம்மா சொன்னாள், "நீ ரொம்ப இடம் குடுக்கறடா. அந்த உருண்டைத் தீனிய எடுத்து வை. பசிச்சா தானா தின்னும். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் பெல்லட் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடிக் கொத்தமல்லியையும் கொஞ்சம் காய்ந்த புல்லையும் வைத்தேன். புல் எப்போதும் கூண்டில் கிடக்கும், ஆனால் பெல்லட்டே வயிறு நிறையக் கிடைத்ததால் அவள் அதைப் பெரும்பாலும் படுக்கையாகத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தாள். மதியம் வரை அவள் எதையும் தொடவில்லை. பிடிவாதம், இன்னும் பசிக்கவில்லை என்று நினைத்தேன். மாலையில் புல்லில் இரண்டு இழை கடித்தாள். இரவு படுக்கப் போகும்போது மனசு கேட்கவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு காலை கூண்டைச் சுத்தம் செய்யும்போதுதான் கவனித்தேன். வழக்கமாகப் பட்டாணி அளவுக்கு உருண்டையாக, தட்டு நிறையக் கிடக்கும் புழுக்கை, பத்துப் பன்னிரண்டுதான் இருந்தது. அதுவும் மிளகு அளவுக்குச் சுருங்கி, கறுத்துப்போய். பெயர்ப் பொருத்தத்தை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அவள் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள், கண் பாதி மூடியிருந்தது, காதைத் தொட்டால் வழக்கத்தைவிடச் சில்லென்றிருந்தது. பெல்லட்டை மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணி நேரமா தின்னல?"

"நேத்து காலையிலேருந்து… கிட்டத்தட்ட இருபத்திநாலு மணி நேரம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"நாய் ஒருநாள் சாப்பிடலன்னா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கலாம். முயலுக்கு அப்படி இல்லீங்க. பன்னெண்டு மணி நேரம் ஒண்ணும் தின்னலன்னாலே அது அவசரம்தான். நீங்க பட்டினி போட்டா அதோட குடல் நின்னுபோகும்."

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். நார் உள்ளே போகப்போகத்தான் அது தள்ளும். உள்ளே போவது நின்றால் குடலின் அசைவு மந்தமாகும், உள்ளிருப்பது வறண்டு இறுகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் முயல் தின்னாது. தின்னாததால் இன்னும் மந்தமாகும். கொஞ்சம் பருத்த முயலாக இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவும் படுத்துவிடும். இந்தச் சுழலுக்குள் நான் அவளைத் தள்ளிவிட்டிருந்தேன், ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காக. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வலிக்கு மருந்து கொடுத்தார், புல்பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டச் சொன்னார். அன்று இரவு இரண்டரை மணிக்கு அவள் முதல் புழுக்கையைப் போட்டபோது, ஒரு முயல் புழுக்கைக்கு இத்தனை சந்தோஷப்படும் மனிதனாக நான் எப்போது ஆனேன் என்று தோன்றியது.

'தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்' என்று சொல்வார்களே, அந்தப் பழமொழியில் பிடிவாதம் முயலுடையது இல்லை, பிடித்தவனுடையது. இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தும் எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் தேறிய பிறகு மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். இலை தின்னாத முயல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்லைத்தான் என்றார். நான் நாக்கின் ருசியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், பல்லைப் பற்றி நினைக்கவே இல்லை. முயலுக்கு 28 பற்கள். முன்னால் மேலே தெரியும் இரண்டு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு குட்டிப் பற்கள் உண்டு. எலி அணில் வகையிலிருந்து முயலைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அத்தனை பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். பெல்லட்டை மேலும் கீழுமாக நொறுக்கினாலே போதும், பொடியாகிவிடும், பல் தேயாது. தேயாத கடைவாய்ப்பல்லின் ஓரம் கூராக வளர்ந்து, கீழ்ப்பல் நாக்கையும் மேல்பல் கன்னத்தையும் குத்த ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட முயல் தீனியிடம் ஆசையாக ஓடி வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். தாடை எச்சிலில் நனைந்திருக்கும். சிலவற்றுக்குக் கண்ணிலிருந்து நீர் வடியும், பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்துவதால். பார்க்கிறவர்கள், இது ரொம்ப ருசி பார்க்கிற முயல் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மிளகுக்குப் பல் நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில்.

"அவ அடம் பிடிக்கல. அவளுக்கு இது சாப்பாடுன்னே தெரியாது" என்றார் மருத்துவர்.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அப்புறம் நான் நிறையப் படித்தேன். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான், திருப்பி அனுப்ப வழியில்லை. நாமாவது தப்பானதைத் தின்றால் துப்பலாம், வாந்தி எடுக்கலாம். வாசலில் காவலாள் மட்டும் இருக்கிறான், கொல்லைப்புறக் கதவே இல்லாத வீடு என்றால் அந்தக் காவலாள் எத்தனை சந்தேகப் பேர்வழியாக இருக்க வேண்டும்! முயலின் மூக்கும் உதடும் நாக்கும் சேர்ந்துதான் அந்தக் காவலாள். இதில் இன்னொரு வேடிக்கை, வாய்க்கு நேர் முன்னால் இருப்பது முயலின் கண்ணுக்குத் தெரியாது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவதைக்கூடப் பார்த்துவிடும், ஆனால் மூக்கின் கீழே ஒரு குருட்டுப் புள்ளி. தான் கடிக்கப்போகும் இலையைப் பார்க்காமல்தான் கடிக்கிறது. மீசையும் உதடும் தொட்டுத் தொட்டு, வாசனையை வைத்து, இது பழக்கமானதா இல்லையா என்று முடிவு செய்கிறது. நான் தட்டில் அழகாக அடுக்கியதெல்லாம் எனக்காகத்தான், அவளுக்காக இல்லை.

எது தின்னக்கூடியது என்று முயல் குட்டிக்கு யார் சொல்லித் தருவது? அம்மாதான், ஆனால் அருகில் இருந்து அல்ல. முயல் தாய் நாளுக்கு ஒரே ஒரு முறைதான் குட்டிகளிடம் வருவாள். மூன்று நான்கு நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அத்தனை சின்ன இடைவெளியில் பாடம் நடக்கிறது. 1990-களில் ஹங்கேரியில் வில்மோஸ் ஆல்ட்பேக்கரும் உடன் ஆய்வு செய்தவர்களும் தாய் முயல்களுக்கு ஜூனிப்பர் என்ற, முயல் லேசில் விரும்பாத, காட்டமான வாசனையுள்ள செடியைத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தத் தாயின் குட்டிகள் பால்குடி மறக்கும் வயதில் ஜூனிப்பரைத் தேடிப் போய்த் தின்றன. மற்றத் தாய்களின் குட்டிகள் ஒதுங்கின. வயிற்றில் இருக்கும்போது, பாலில், பிறகு தாய் கூட்டில் விட்டுப்போகும் புழுக்கையைக் குட்டி கொறிக்கும்போது, இந்த மூன்று வழியிலும் தனித்தனியாகவே வாசனை போய்ச் சேருகிறது என்று கண்டார்கள். புழுக்கை ஒரு பாடப்புத்தகம் என்று நினைத்துப் பார்த்தால் அருவருப்புப் போய் மரியாதை வருகிறது.

மிளகின் அம்மா என்ன தின்றாள் என்று எனக்குத் தெரியாது. அநேகமாக பெல்லட்தான் தின்றிருப்பாள். மிளகு படித்த பாடத்தில் பெல்லட் மட்டும்தான் இருந்தது. இரண்டு வயதில் நான் வந்து, திடீரென்று ஏழு பாடத்தை ஒன்றாகத் திறந்து வைத்து, படி என்றால்?

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் கீரையை மறந்தேன். மருத்துவர் சொன்னதும் அதுதான். முயல் உயிரோடு இருக்கத் தேவையானது காய்ந்த புல். தீனியில் எண்பது சதவீதத்துக்கு மேல் அதுதான் இருக்க வேண்டும், நாளொன்றுக்கு அவள் உடம்பு அளவுக்கு ஒரு குவியல். இங்கே நெல் அறுத்த வைக்கோலைச் சொல்லவில்லை. அதில் சத்து குறைவு. பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த திமோத்தி போன்ற புல். பச்சை இலை அதற்கு அடுத்த இடத்தில்தான். புல்லும் அளவான பெல்லட்டும் தின்னும் முயலுக்குக் கீரை ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. அவசரமெல்லாம் என்னுடையது.

பெல்லட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். அவள் நாளுக்குத் தொண்ணூறு கிராம் தின்றுகொண்டிருந்தாள். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் போதும் என்பது பரவலாகச் சொல்லும் கணக்கு. மிளகு ஒரு கிலோ எண்ணூறு, ஆக 45 கிராம். ஒரே நாளில் குறைக்காமல் வாரத்துக்குப் பத்து கிராம் என்று குறைத்தேன். வாராவாரம் அவளை எடை பார்த்தேன், தினமும் புழுக்கை பார்த்தேன். புழுக்கை பெரிதாக, வெளிர் நிறமாக, உடைத்தால் புல் துகள் தெரிவதாக இருந்தால் எல்லாம் நலம். அவள் கழிக்கும் தட்டுக்கு மேலேயே புல்லை அட்டைப்பெட்டியில் நிறைத்து வைத்தேன், முயலுக்கு உட்கார்ந்த இடத்தில் தின்றுகொண்டே கழிக்கத்தான் பிடிக்கும். மூன்றாவது வாரம் அந்தப் பெட்டியிலிருந்து கர கர என்று அரைக்கும் சத்தம் கேட்டது. இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கிப் பழகிவிட்டேன்.

கீரைக்கு நான் செய்த தந்திரங்களில் தோற்றவைதான் அதிகம். இலையை ஈரமாக்கி அதன்மேல் பெல்லட் தூளைத் தூவினேன்; தூளை மட்டும் நக்கிவிட்டு இலையைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுத்தாள், கழுவி வைத்த பாத்திரம் மாதிரி. நீர் சொட்டச் சொட்ட வைத்தால் முயலுக்குப் பிடிக்கும் என்றார்கள். பல முயல்களுக்குப் பிடிக்கும்தான், இவளுக்கு மூக்கில் ஒரு துளி பட்டதும் அறையின் மறுகோடிக்கு ஓடினாள். முயல்கள் கூட்டமாக மேயும் பிராணி, ஒன்று தின்பதைப் பார்த்து இன்னொன்று தின்னும் என்று படித்துவிட்டு, நான் தரையில் அவள் பக்கத்தில் கவிழ்ந்து படுத்து லெட்யூஸ் இலையை நறநறவென்று மென்றேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அதுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. நீ டாக்டரப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திருப்பம் என் கெட்டிக்காரத்தனத்தால் வரவில்லை. ஒருநாள் காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனேன். திரும்பி வந்தால் பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பின்புறம் மட்டும் வெளியே தெரிகிறது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டின் வெட்டிய முனையிலிருந்து தண்டு ஒன்று அவள் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தையல் மெஷினில் நூல் போவதுபோல, நிற்காமல், ஒரே சீராக. தாடை பக்கவாட்டில் ஆட, தண்டு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இலைக் கொத்து உதட்டில் ஒருகணம் மீசை மாதிரி நின்று, உள்ளே போய் மறைந்தது. பையின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டாளா என்று பதறிப்போய்த் தேடினேன், நல்லவேளை, கிழித்திருந்தாளே தவிர விழுங்கவில்லை.

அதே கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன். முகர்ந்தாள், கவ்வினாள், எறிந்தாள். எறிந்த தண்டை எடுத்துப் பைக்குப் பக்கத்தில் தரையில் போட்டேன். தின்றாள்.

எனக்குப் புரிந்தது இதுதான்: அந்தக் கிண்ணம் பெல்லட்டின் வீடு. அதற்குள் வேறு எது வந்து உட்கார்ந்தாலும் அவளைப் பொறுத்தவரை அது அத்துமீறல். ஒவ்வொரு தண்டையும் அவள் வெளியே எறிந்தது வெறுப்பால் அல்ல, பெல்லட் வரவேண்டிய இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தாள். தவிர, தானே தேடிக் கண்டுபிடித்த தீனிக்கு இருக்கும் மதிப்பு, கொண்டுவந்து நீட்டும் தீனிக்கு இல்லை. இது அறிவியல் இல்லை, ஒரே ஒரு முயலை வைத்து நான் சொல்லும் அபிப்பிராயம். ஆனால் அன்றிலிருந்து கீரை கிண்ணத்துக்குப் போகவே இல்லை. புல் பெட்டிக்குள் நாலு தண்டைச் செருகி வைத்தேன். கூண்டுக் கம்பியில் துணி உலர்த்தும் கிளிப்பால் ஒரு கொத்தைத் தொங்கவிட்டேன், இழுத்துப் பறிக்கட்டும் என்று. காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் திணித்து உருட்டிவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த இலைக்கு வாசனையே இருப்பதில்லை என்பதால், அரைமணி முன்பே வெளியே எடுத்து வைத்து, கையில் லேசாகக் கசக்கி வைத்தேன். அந்தி நேரத்தில்தான் வைப்பேன், முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடிகாலையிலும் அந்தியிலும்தான்.

கொத்தமல்லிக்குப் பிறகு ஒரு வாரம் புதிதாக எதுவும் தரவில்லை. அப்புறம் திருநீற்றுப்பச்சிலை, கட்டைவிரல் அளவு ஒரே ஓர் இலை. இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்தேன். சரியாக இருந்தது, மூன்றாவது நாள் இரண்டு இலை. அந்த முறைதான் இப்போதும். ஒரு நேரத்தில் ஒரே புது இலை. கழிசலாகவோ, சின்னத் திராட்சைக்கொத்து மாதிரி மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டோ கிடந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்தத் திராட்சைக்கொத்து நோய் இல்லை, முயல் தன் குடலின் பெரிய நொதிப் பையில் தயாரித்து, வெளியே வரும்போதே வாயால் வாங்கித் தின்றுவிடும் சத்துருண்டை. அது தின்னப்படாமல் தரையில் கிடந்தால், மாவும் இனிப்பும் அதிகமாகி நார் குறைந்திருக்கலாம் என்று அர்த்தம். மிளகு பெல்லட்டிலேயே மிதந்த காலத்தில் அது தினமும் கிடந்தது. நான்தான் அதைக் கழிசல் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எது நல்ல கீரை என்பதில் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிறிய உருண்டை லெட்யூஸ் தண்ணீரைத் தவிர வேறில்லை. நீளமான கரும்பச்சை ரோமெய்ன் நல்லது. பாலக் கீரையில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், எப்போதாவது ஓர் இலை போதும். பார்ஸ்லியிலும், முட்டைக்கோஸ் வகையைச் சேர்ந்த கேல் இலையிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். நம் உடம்பு தேவையான அளவுக்குத்தான் உணவிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும், முயலின் குடல் கிடைத்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அதனால்தான் முயல் சிறுநீர் காய்ந்த இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். கொஞ்சம் வெளுப்பு சகஜம். பசையாக, மணலாக வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வெங்காயம், பூண்டு, அதன் தாள் எதுவும் கூடவே கூடாது. உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலையும், ருபார்ப் இலையும், அவகாடோவும், அரளியும் விஷம். அழகுக்கு வைத்திருக்கும் தொட்டிச்செடிகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், கீரைக்கு முகத்தைத் திருப்பும் முயல் அதை மட்டும் தேடிப்போய்க் கடிக்கும்.

ஒருநாள் காலை தட்டில் காகிதமெல்லாம் செங்காவி. ரத்தம் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. படம் எடுத்து அனுப்பினேன். புதிதாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார் மருத்துவர். கேரட் தழை. சில இலைகளின் நிறமிகளால் முயல் சிறுநீர் இப்படிச் சிவக்கும், அவள் தின்று விளையாடிக்கொண்டிருந்தால் ஒருநாள் பொறுங்கள், தொடர்ந்தால் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். மறுநாள் மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. யாரும் முன்கூட்டியே சொல்லாததால் நான் அன்று ஒரு பகல் முழுக்கச் செத்துப் பிழைத்தேன், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கோப்பை நிறைய என்ற கணக்கில் நாளுக்கு இரண்டு கைப்பிடி இலை தின்கிறாள். கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை, ரோமெய்ன், கேரட் தழை, முள்ளங்கித் தழை என்று ஐந்து வகையை மாற்றி மாற்றித் தருகிறேன். கொத்தமல்லியை இன்னும் வெட்டிய முனையிலிருந்துதான் ஆரம்பிப்பாள். இலைப் பக்கத்தைத் திருப்பி நீட்டினால், தண்டைக் கவ்விச் சுழற்றி, முனையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மெல்லுவாள். காய்கறிப் பை சரசரக்கும் சத்தம் கேட்டால் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து என் கணுக்காலைச் சுற்றி எட்டுப் போடுகிறாள். பையைத் தரையில் வைப்பது இப்போது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் இல்லை, துணிப்பை. அம்மாதான் தைத்துக் கொடுத்தாள்.

புதினா மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை. மாதம் ஒருமுறை ஒரு தண்டு வைத்துப் பார்ப்பேன். நேற்றும் பரணில் கிடந்த அந்தப் பழைய கிண்ணத்தை எடுத்து, சும்மா பார்க்கலாமே என்று, அதில் வைத்தேன். முகர்ந்தாள். கவ்வினாள். கழுத்தை ஒரு வெட்டு. முன்பெல்லாம் ஓர் அடி தூரம் போய் விழும். நேற்று விழுந்தது கிண்ணத்தின் விளிம்பிலேயே, பாதி உள்ளே, பாதி வெளியே.